கைதட்டலுக்கு நடுவே ஒரு குரல்

மூன்று நாளாக அந்தக் கேசட் ஞானசெல்வியின் அரிசிப் பானைக்குள் கிடந்தது.

தேனி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அம்மாவாசியின் கேசட் கடையைத் தாண்டும்போது காதில் விழுந்த பாட்டு அது. கிடாரும் உறுமியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. ஓர் ஆண்குரல் எடுத்துக் கொடுக்க, ஒரு பெண்குரல் அதை வாங்கிக்கொண்டு மேலே போனது.

'மேக்க மலை எறங்கி வாற காத்தே – எங்க
ஓலை வீட்டுக் கதவைத் தட்டாதே.
தட்டிப்புட்டு ஆருன்னு கேட்டா – நான்
எம்பேரச் சொல்ல மாட்டேனே.'

சினிமாப் பாட்டு இல்லை. ரேடியோவில் வருகிற எதையும் போலவும் இல்லை. பின்னால் ஜனங்களின் இரைச்சல், யாரோ அடிக்கிற விசில், ஒரு குழந்தையின் அழுகை. எங்கோ திருவிழா மேடையில் பிடித்தது என்பது தெரிந்தது. பாட்டு முடிந்ததும் அந்த ஆண் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் ஞானசெல்வியின் கால் நின்றுவிட்டது. எட்டு வருஷமாக ஒரே வீட்டில் கேட்கிற சிரிப்பு. கம்பம் ரோட்டில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கும் அவளுடைய கணவன் சுந்தர்ராஜின் சிரிப்பு.

கேசட்டை வாங்கி வந்து ஒளித்து வைத்துவிட்டு, அன்றைக்கே அவள் கேட்டாள்.

"நீங்க எப்பவாச்சும் மேடையில பாடியிருக்கீகளா?"

சோறு பிசைந்த கை நிற்கவில்லை. "நானா? எனக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நல்லாக் கேட்ட போ" என்றான் சுந்தர்ராஜ். மோரை ஊற்றச் சொன்னான்.

பாடியதை மறைத்தால் ஏதோ கூச்சம் என்று விட்டுவிடலாம். கூடப் பாடிய பெண்ணை மறைக்கிறான் என்றுதான் அவள் மனம் சொன்னது. காதலிப்பவளைத் தவிர வேறு யாரும் ஒருவன் குரலோடு அப்படிக் குரல் சேர்த்துப் பாட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

இன்றைக்குச் சனிக்கிழமை. விடிந்ததும் சுந்தர்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"மதுரைக்குப் போயி ஃபுட் வால்வு கொஞ்சம் எடுத்துட்டு வந்துர்றேன். கடையை இன்னிக்குத் தொறக்க வேணாம்."

"ஏலே, வெறும் வயித்தோட போகாத" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள் சுகிர்தம். அவனுடைய அக்கா. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவள். சர்ச் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அவள் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடிப்பாள். வாய் அசையும், சத்தம் வராது. 'அக்காவுக்குத் தொண்டையில சதை வளந்திருக்கு, பாடச் சொல்லிக் கேட்டுறாத' என்று கல்யாணமான புதிதிலேயே சுந்தர்ராஜ் சொல்லி வைத்திருந்தான்.

இரண்டு இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டுப் போய்விட்டான். சாமான் எடுத்துவரப் போகிறவன், அதைக் கொண்டுவர வேண்டிய சாக்குப் பையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஞானசெல்வி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

மதுரை பஸ்ஸில் அவன் இல்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, எதிர்ப்பக்கம் கம்பம் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கடைசி சீட்டில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான் சுந்தர்ராஜ்.

கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

நேரே அம்மாவாசியின் கடைக்குப் போனாள்.

"யக்கா, அன்னிக்கு வாங்குன மாதிரி இன்னொண்ணு வேணுமாக்கும்? தீந்துபோச்சே" என்றான் அம்மாவாசி. "நேத்து பம்ப்செட்டு அண்ணாச்சி வந்து இருந்ததை மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாக. உங்க வீட்டுக்காரவுகதான். வீட்டுல சொல்லலையா?"

"சொன்னாக சொன்னாக" என்றாள். "பாட்டு பிடிச்சுப்போச்சு போல."

"எங்க! ஒண்ணைக்கூடப் போட்டுக் கேக்கலையே. நான் பதியறதுக்கு வெச்சிருந்த மாஸ்டர் கேசட்டையும் குடுன்னு வாங்கிட்டாக. இது உங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு போலீஸ்காரன் மாதிரி கேட்டாக."

"எப்படி வந்துச்சு?"

"ஓடைப்பட்டியில சுருளியாண்டின்னு ஒருத்தரு. திராட்சைத் தோட்டம் வெச்சிருக்காரு. இந்தப் பாட்டெல்லாம் ஒரு காலத்துல நம்ம பக்கத்து மேடையில பாடுனதாம், கேக்க ஆளில்லாம அப்படியே போயிருச்சாம். நீ போட்டுவிடு, நாலு பேரு காதுல விழட்டும்னு சொல்லிட்டுப் போனாரு."

ஓடைப்பட்டிக்குக் கம்பம் பஸ்ஸில்தான் போக வேண்டும். சின்னமனூரில் இறங்கி மாற வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் அவளும் ஏறினாள்.

பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது அவள் மனசு பழைய நாட்களுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகக் கிளற ஆரம்பித்தது. போன தையில் வசூலுக்கென்று கூடலூர் போனவன் அன்று இரவு அங்கேயே தங்கினானே, எதற்கு? ரேடியோவில் கிராமியப் பாட்டு வந்தால் எழுந்து போய்த் திருகி அணைப்பானே, எதற்கு? கல்யாண வீட்டில் மெல்லிசைக் கச்சேரி என்றால் சாப்பிட்ட கையோடு கிளம்பச் சொல்வானே? அப்போதெல்லாம் 'அவுக கொஞ்சம் சிடுசிடுப்பு' என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போது அத்தனைக்கும் ஒரே காரணம்தான் தெரிந்தது. அந்தக் காரணம் அழகாகப் பாடியது.

அந்தப் பெண் ஓடைப்பட்டியில்தான் இருக்கிறாளோ என்றும் நினைத்தாள்.

ஓடைப்பட்டியில் சுருளியாண்டி வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஊரை ஒட்டியே தோட்டம். தலைக்கு மேல் பந்தல் முழுக்கக் காய் தொங்கியது. இலைக்கு மருந்தடித்துவிட்டு வந்த சுருளியாண்டியின் கை முழங்கை வரைக்கும் நீலமாக இருந்தது. உயரமான, மெலிந்த ஆள். வாசலில் நின்ற அவர் மனைவி மூக்கம்மாள், யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் சிரித்துவிட்டாள்.

"இப்பத்தான் புருசன் போறாக, பொண்டாட்டி வாறாக. சேந்து வந்திருக்கலாம்ல ஆத்தா?"

"அவுக வந்தாகளா?"

"வந்தாரும்மா" என்றார் சுருளியாண்டி. அவர் முகத்தில் சிரிப்பில்லை. "பத்து வருசமாச்சு இந்த வாசப்படி மிதிச்சு. வா, உக்காருன்னு சொன்னேன். உக்காரல. சுருளையெல்லாம் குடுடான்னாரு."

"எந்தச் சுருள்?"

சுருளியாண்டி கையைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னார். அவருடைய பெரியப்பா மகன் மைக்செட்டுக் கடை வைத்திருந்தானாம். அவன் செத்துப்போன பிறகு கடையைக் காலி பண்ணும்போது ஒரு தகரப்பெட்டி நிறையச் சுருள் நாடா கிடைத்தது. மதுரையில் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டால், இவர்கள் மேடையில் பாடியதை எல்லாம் மைக்கோடு சேர்த்து அவன் பிடித்து வைத்திருக்கிறான். இவர்களுக்கே அது தெரியாதாம்.

"சாரல் செட்டுன்னு எங்களுக்குப் பேரு. உங்க வீட்டுக்காரரு கிடாரு. மலையில எஸ்டேட்டு துரை ஒருத்தரு ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. ரேடியோ ஒயரைச் சுத்தி அதுல கரண்டு சத்தம் வர வெச்சாரு. நான் உறுமி. நடவுப் பாட்டு, ஏலக்காய்க் காட்டுப் பாட்டு, அவரே கட்டுன பாட்டு, எல்லாத்தையும் கிடாருல போட்டு ஒரு உலுக்கு உலுக்குவோம். சனம் சினிமாப் பாட்டுக் கேக்கும். நாங்க பாட மாட்டோம். கல்லு வரும்." ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "கேட்டுப் பாருங்கம்மா. இன்னிக்குக் கேட்டாலும் எனக்கு மயிரு கூச்செறியுது. நாங்களா பாடுனோம்னு இருக்கு."

ஞானசெல்விக்குக் கிடாரும் உறுமியும் வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"கூடப் பாடுறவ. நான் சண்டைக்கு வரலண்ணே. யாருன்னு மட்டும் சொல்லுங்க. எங்கன இருக்கா?"

சுருளியாண்டி அவளையே பார்த்தார். மூக்கம்மாளும் பார்த்தாள்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து கேக்குறீக?"

"வீட்டுக்குள்ளயா?"

"உங்க மதினிதான். சுகிர்தம்."

ஞானசெல்வி பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அறைக்குக் கேட்காத அந்தப் பேச்சு; சத்தமில்லாமல் அசைகிற அந்த வாய். மூன்று நாளாக அவள் வெறுத்த குரல் காலையில் இட்லி எடுத்துவைத்த மதினியின் குரலா? ஒரு கணம் அழுகை வந்தது, நிம்மதியில். அடுத்த கணமே வேறொன்று நெருடியது. அக்காவோடு பாடியதை எதற்கு மறைக்க வேண்டும்?

"ஏன் நிறுத்திட்டாக?"

"குச்சனூரு ஆடித் திருவிழா. அதுதான் கடைசி" என்றார் சுருளியாண்டி. "அதுக்கு முந்தியும் அந்தப் புள்ள நம்ம கூடப் பாடுறது அவுக அப்பாவுக்குத் தெரியாது. எப்பவும் திரைக்குப் பின்னால தனி மைக்கு. யாரு பாடுறதுன்னு சொல்றதில்ல. சர்ச்சுல மூத்த ஆளு பொண்ணு, சனீஸ்வரன் கோயில் திருவிழாவுல பாடுதுன்னு தெரிஞ்சா விடுவாகளா? அதுவும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அன்னிக்குத்தான் முதமுதலா சனம் எங்களுக்குக் கை தட்டுச்சு. நிக்காம தட்டுச்சு. அந்தக் கைதட்டலுக்கு நடுவுல அந்தப் புள்ள பேரு மைக்குல வந்துருச்சு."

"யாரு சொன்னது?"

அவர் பந்தலிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அண்ணே, மதினி பேரைச் சொன்னது யாரு?"

"ஊருல கேட்டா சுந்தர்ராசுன்னுதான் சொல்லும். அவுக அப்பா ஆசீர்வாதம் அய்யாவும் அப்படித்தான் சொல்லி, கிடாரைப் போட்டு ஒடச்சாரு. கல்யாணம் நின்னுபோச்சு. செட்டும் அன்னியோட முடிஞ்சுபோச்சு."

"நீங்க என்ன சொல்றீக?"

"நான் வாயால சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்." உள்ளே போய் ஒரு கேசட்டோடு வந்தார். "உங்க வீட்டுக்காரரு இன்னிக்கு எல்லாச் சுருளையும் எடுத்துக்கிட்டாரு. குச்சனூரு சுருளை மட்டும் நான் குடுக்கல. சட்டையைப் பிடிச்சாரு. அப்பவும் குடுக்கல. இது அதுல இருந்து எடுத்த கேசட்டு. கடைக்காரனுக்குக்கூட நான் இதைக் குடுக்கல. அவரு பொண்டாட்டி நீங்க. கேளுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஞானசெல்வி அந்தக் கேசட்டை முந்தானைக்குள் முடிந்து மடியில் வைத்திருந்தாள். இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டதாக அவள் நினைத்தாள். கைதட்டலில் மயங்கி அக்காவின் பெயரை மைக்கில் கத்தியிருக்கிறான். அக்காவின் வாழ்க்கை அங்கேயே முடிந்துபோனது. அந்த அக்கா கையாலேயே பத்து வருஷமாகச் சாப்பிடுகிறான். சாட்சி வெளியே வந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பொறுக்குகிறான். நண்பனின் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் பயம்.

இன்னொரு பெண் என்றிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

வீட்டுக்குள் நுழையும்போதே பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. கொல்லைப்பக்கம் போனாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருவேலஞ் சுள்ளியின் தீயில் நாடாவைச் சுருள் சுருளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான் சுந்தர்ராஜ். அம்மாவாசி கடைக் கேசட்டுகளும் அங்கேயே உருகிக் கிடந்தன.

"மதுரையில வால்வு கெடைக்கலையா?" என்றாள்.

திடுக்கிட்டு எழுந்தான். "நீ எங்க போயிருந்த?"

"நீங்க போன எடத்துக்குத்தான்."

அவன் கையிலிருந்த நாடாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"பாடுவீகளான்னு கேட்டேன். இல்லைன்னீக. கொஞ்சங்கூடத் தடுமாறலை. இன்னும் என்னென்ன பொய்யி இருக்கு?"

"செல்வி, இது உனக்கு வேணாம். உள்ள போ."

"எரிங்க. நல்லா எரிங்க. ஆனா குச்சனூரு பாட்டு எங்கிட்ட இருக்கு."

அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் சங்கக் கூட்டம் முடிந்து, கையில் வேதப்புத்தகத்தோடு கொல்லைக்கு வந்தாள் சுகிர்தம்.

"என்னலே எரிக்கிற?"

சுகிர்தம் குனிந்து பார்த்தாள். தீயின் ஓரத்தில் பழுப்பு நாடா நெளிந்தது. தகரப்பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் 'சாரல்' என்று எழுதியிருந்தது.

அவள் வேதப்புத்தகத்தைத் துவைக்கும் கல்மேல் வைத்தாள். தொட்டியிலிருந்து வாளித் தண்ணீரை மொண்டு தீயின்மேல் வீசினாள். மறுபடி மொண்டாள், மறுபடி வீசினாள். புகை கிளம்பி, சாம்பல் மூவர் மேலும் தெறித்தது. ஒரே ஒரு சுருள் மட்டும், ஓரம் கருகி, முழுசாக மிஞ்சியது. சேலை நனைய அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாட்டு என்னலே பண்ணுச்சு?" என்றாள். எட்டு வருஷத்தில் ஞானசெல்வி அவளிடமிருந்து கேட்ட முதல் சத்தமான பேச்சு அது.

ஞானசெல்விக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மதினி, உங்க தொண்டையில ஒரு சதையும் வளரலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க பேரை மைக்குல சொல்லி உங்க கல்யாணத்தைக் கெடுத்தது யாருன்னும் தெரியும். வாங்க. உங்க காதால நீங்களே கேளுங்க."

"செல்வி, வேணாம்" என்றான் சுந்தர்ராஜ். "நான் சொல்றதக் கேளு. அதைப் போடாத."

"பயமா இருக்கா?"

அவள் கூடத்துக்குப் போய் டூ-இன்-ஒன் ரேடியோப் பெட்டியில் கேசட்டைச் செருகினாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான். சுகிர்தம் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

உறுமி குமுறியது. கிடார் அதன்மேல் கீறிக்கொண்டு ஏறியது. பாட்டின் கடைசி அடி அது. பிறகு கைதட்டல். மழை கூரையில் விழுகிற மாதிரி நிற்காத கைதட்டல். 'யாரு? பாடுனது யாரு? பேரைச் சொல்லு!' என்று ஜனங்கள் கத்துவது கேட்டது. ஞானசெல்வி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியிலிருந்து ஒரு பெண்குரல், சிறு நடுக்கம்கூட இல்லாமல் சொன்னது:

"நான்தான் பாடுனேன். எம்பேரு சுகிர்தம். தேனி ஆசீர்வாதம் மக."

சுந்தர்ராஜ் பாய்ந்து வந்து பொத்தானை அமுக்கினான்.

ஞானசெல்வி மதினியின் பக்கம் திரும்பினாள்.

"குழாய் ஸ்பீக்கருல, அந்தக் கூச்சல்ல, பேரு மட்டும்தான் சனத்துக்குக் கேட்டுச்சு" என்றாள் சுகிர்தம் மெல்ல. "ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலான்னு யாருக்கும் வெளங்கல. மறுநா அப்பா கூப்பிட்டு நிறுத்தி, யாரு சொன்னதுன்னு கேட்டாக. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள இவன் முந்திக்கிட்டு நான்தான்னான். கிடாரு ஒடஞ்சுச்சு. முதுகுல பெல்ட்டு விழுந்துச்சு. அப்பா கடைசி வரைக்கும் இவன் கூடப் பேசல. சாகுறப்பக்கூட இவன் கையால தண்ணி வாங்கல. அப்பவும் இவன் சொல்லல. நானும் சொல்லல."

"விடுக்கா" என்றான் சுந்தர்ராஜ்.

ஞானசெல்வி அவனைப் பார்த்தாள். முதுகில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். மோட்டார் பெல்ட் அறுந்து அடித்தது என்றான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மேடையில பாடுனேன்னு ஒரு வார்த்தை சொன்னா, கூடப் பாடுனது யாருன்னு அடுத்த கேள்வி வரும்" என்றான் அவன். "ஒரு வாரமா இந்தப் பாட்டு பஜாருல ஓடுது. யாராவது அக்கா குரலைக் கண்டுபிடிச்சு, அந்தப் பழைய கதையை எடுத்தா? தூக்கமே இல்ல செல்வி எனக்கு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். கரியும் ஈரமுமாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கையை விடாமல் நின்றாள்.

இங்கேயே இந்த நாள் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதைத் திரும்பப் போடு செல்வி" என்றாள் சுகிர்தம். "எங்குரலை நான் கேட்டதே இல்ல. பாடுறவுகளுக்குக் கேக்கவா செய்யும்? ஒரு வாட்டி கேட்டுக்கிறேன்."

ஞானசெல்வி நாடாவைப் பின்னால் சுற்றி, பாட்டை முதலிலிருந்து போட்டாள். சுகிர்தம் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சுந்தர்ராஜின் விரல்கள் தன்னையறியாமல் தொடையில் கிடார் வாசித்தன. இந்தப் பாட்டை நாலு ஊர்க்காரர்கள் சரியாகக் கேட்டிருந்தால் இவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள் என்று ஞானசெல்வி நினைத்தாள்.

கைதட்டல் வந்தது. பெயர் வந்தது. இந்தத் தடவை யாரும் பொத்தானை அமுக்கவில்லை. கைதட்டல் இன்னும் பெரிதாகப் பொங்கியது. அதற்கு அடியில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு ஆணின் கிசுகிசுப்பு:

"பயப்படாத. நான் இருக்கேன்ல."

சுகிர்தத்தின் கை பாய்ந்து வந்து பெட்டியை நிறுத்தியது. அந்தப் பதற்றம்தான் காட்டிக் கொடுத்தது. அதுவரை கண்ணை மூடியிருந்தவளுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது?

"அது யாரு?" என்றான் சுந்தர்ராஜ்.

"யாரு?"

"இப்பப் பேசுனது. நானும் சுருளியாண்டியும் மேடையில முன்னால இருந்தோம். திரைக்குப் பின்னால நீ மட்டும்தான இருந்த?"

சுகிர்தம் பெட்டியின் மேல் விழுந்த சாம்பலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அக்கா, நீ ஏன் பேரைச் சொன்னேன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. கைதட்டலைக் கேட்டு மனசு பொங்கிச் சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படித்தான?"

"பழசுலே அது. விடு."

"நிச்சயமான கல்யாணம் நிக்கணும்னு சொன்னியா? எவனாவது சொல்லச் சொன்னானா?"

அவன் ஞானசெல்வி பக்கம் திரும்பினான். காலையில் அவள் அவனைப் பார்த்த அதே பார்வை இப்போது அவன் கண்ணில் இருந்தது.

"இன்னொரு வாட்டி போடு."

அவள் போட்டாள். போட்டிருக்க வேண்டாம்.

கிசுகிசுப்பு என்பதால் அவனுக்கு விளங்கவில்லை. கடைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து உரக்கப் பேசுகிற மைத்துனர் பொன்னுராஜை மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஆனால் ஞானசெல்விக்குச் சின்ன வயசில் டைபாய்டு வந்து படுத்திருந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்து இதே வார்த்தையை இதே கிசுகிசுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் பொன்னுராஜ். போடி பஜாரில் மளிகை வியாபாரம். குச்சனூர் திருவிழா நடந்த அந்த ஆடிக்கு அவருக்குக் கல்யாணமாகி, மூத்த பையன் நடக்க ஆரம்பித்திருந்தான். இரண்டு வருஷம் கழித்து இந்த வரனைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 'அந்த வீட்டை எனக்கு நல்லாத் தெரியும், தங்கமான மனுசங்க' என்று சொல்லித்தான் அவளை இங்கே கட்டிக் கொடுத்தார்.

"உனக்குத் தெரியுதா, யாரு குரலுன்னு?" என்றான் சுந்தர்ராஜ்.

"தெரியலங்க" என்றாள் ஞானசெல்வி.

சுகிர்தம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

சுந்தர்ராஜ் கேசட்டை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டான். "சுருளியாண்டிகிட்டப் போயி ஒரிஜினல் சுருளை வாங்கிட்டு, அப்படியே மதுரைக்குப் போறேன். பெரிய மெஷின்ல போட்டாக் குரல் தெளிவாத் தெரியும்" என்றான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

அவன் காலடிச் சத்தம் மறையும் வரைக்கும் இரண்டு பெண்களும் அசையவில்லை.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏன் தெரியலைன்ன?" என்றாள் சுகிர்தம்.

"எங்கண்ணன் பொண்டாட்டி ஞானபாக்கியத்தோட முகம் கண்ணு முன்னால வந்துருச்சு." என்றாள் ஞானசெல்வி. "மதினி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்கண்ணன் என்னைய இந்த வீட்டுல கட்டிக் குடுத்தது எனக்காகவா, உங்களுக்காகவா?"

சுகிர்தம் கருகிய சுருளை மேஜைமேல் வைத்தாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.